ஆறு புள்ளி கத்துக்க எதுக்குங்க ஹாஸ்டல்?

ரெண்டு வாரமா ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் வரலை. இன்னைக்கும் ஒரு மொக்கை போட்டுட்டுப் போயிடலாம்னுதான் உக்காந்தேன். ஆனா போன மாசம் போடியில ஒரு காதுகுத்துல நடந்த சண்டை இன்னும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. எழுதி இறக்கி வைக்காட்டி தூக்கம் வராது. பதிவு நீளம், பொறுத்துக்கங்க மக்களே.

சண்டை எனக்கும் எங்க அக்காவுக்கும். விஷயம் அக்கா மகள். பேர் வேணாம், பாப்பான்னே வெச்சுக்குவோம். எட்டு வயசு, மூணாம் கிளாஸ். மச்சானுக்கு ஒரு ஏலத்தோட்டத்துல கணக்கப்பிள்ளை வேலை, வீடு போடிமெட்டுல. (தெரியாதவங்களுக்கு: போடியிலிருந்து முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவா ஏறிக்கிட்டே போனா உச்சியில வர்றது போடிமெட்டு. அந்தப் பக்கம் இறங்கினா பூப்பாறை, கேரளா. ஏலக்காய்க்குக் காய் எடுக்கப் போற ஆளுங்களை ஏத்திக்கிட்டு விடியக்காலையில ஜீப்பு வரிசையா ஏறும் பாருங்க, அது தனிப் பதிவு.)

பாப்பாவுக்குப் பொழுது சாஞ்சா கண்ணு தெரியாது. ஆறு மணிக்கு மேல வாசப்படி தட்டி விழுவா. ஏலச்செடி நிழல்லதான் வளரும், தோட்டத்துக்குள்ள பகல்லயே மம்மலாத்தான் இருக்கும். உள்ள போனா அம்மா சேலையைப் பிடிச்ச கையை எடுக்க மாட்டா. பயந்த சுபாவம்னு நினைச்சுக்கிட்டிருந்தோம். போன வருஷம் மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில பாத்துட்டு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசான்னு சொன்னாங்க. விழித்திரையில இருட்டையும் ஓரத்தையும் பாக்குற செல்கள் முதல்ல சாகும். பார்வை வட்டம் ஓரத்துலேர்ந்து சுருங்கிக்கிட்டே வரும். நடுவுல இருக்கிறது மட்டும் பெரும்பாலும் கடைசி வரைக்கும் ஓரளவு நிக்கும், குழாய் வழியா பாக்குற மாதிரி. எவ்வளவு வேகமா சுருங்கும்னு ஆளுக்கு ஆள் மாறும். பரம்பரையா வர்றது. மச்சான் எங்க சொந்தத் தாய்மாமன் மகன். சொந்தத்துல கட்டினா இது வர வாய்ப்பு கூடுதல்னு டாக்டர் சொன்னப்போ அக்கா தரையையே பாத்துக்கிட்டு இருந்துச்சு.

இந்தக் காதுகுத்துல சாப்பிட்டு முடிச்சு வெத்தலை போட்டுக்கிட்டிருக்கும்போது நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்காம, "அக்கா, பாப்பாவுக்கு இப்பவே பிரெயில் ஆரம்பிச்சுடணும்"னேன்.

"என் பிள்ளை குருடியாடா? புக்கு படிக்குது, போர்டு படிக்குது, பஸ்சு மேல இருக்க பேரைக்கூடப் படிக்குது. நீ எதுக்கு அதை ஹாஸ்டலுக்குத் தள்ளி விடப் பாக்குற?"

நான் ஹாஸ்டல்னு ஒரு வார்த்தை சொல்லலைங்க. ஆனா அக்கா காதுல அதுதான் விழுந்துச்சு. பஸ் ஏறி பெங்களூரு வந்து பொட்டி முன்னாடி உக்காந்த பிறகுதான் எனக்கு உறைச்சது, அக்கா சொன்னதுல ஒரு தப்பும் இல்லைன்னு.

தமிழ்நாட்டுல பிரெயில் எங்க இருக்கு சொல்லுங்க? பாளையங்கோட்டையில. ஆஸ்க்வித் அம்மையார் 1890ல அங்க தொடங்கி வெச்சது. அப்புறம் பூந்தமல்லி, அடையாறு. மதுரைப் பக்கம் சுந்தரராஜன்பட்டியில, தானே பார்வையில்லாதவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985ல தொடங்கின இந்தியன் அசோசியேஷன் ஃபார் தி பிளைண்ட். இவங்க இல்லைன்னா எத்தனை ஆயிரம் பிள்ளைங்க எழுத்துவாசனையே இல்லாமப் போயிருக்கும். அதுல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது. ஆனா போடிமெட்டுல இருக்கிற ஒரு தாய்க்கு இதெல்லாம் என்ன அர்த்தம்? பிரெயில் வேணும்னா எட்டு வயசுப் பிள்ளையை மலையிலிருந்து இறக்கி எங்கயோ விட்டுட்டு வரணும். பிள்ளை வீட்டுல இருக்கணும்னா பக்கத்துப் பள்ளிக்கூடம், பக்கத்துப் பள்ளிக்கூடம்னா அச்சு. "பிரெயிலா அச்சா"ன்னு கேக்குற கேள்வி நம்ம ஊருல "ஹாஸ்டலா அம்மாவா"ன்னு ஆயிடுது. இதுல எந்த அம்மா முதல் பதிலைச் சொல்லும்?

சரி, அச்சு பக்கம் நிக்கிறவங்க வாதத்துக்கு வருவோம். "நல்லா தெரியுதே, அப்புறம் எதுக்கு?" இதை அக்கா மட்டும் சொல்லலை. பள்ளிக்கூடத்துல சொல்றாங்க, சொந்தக்காரங்க சொல்றாங்க. போன வருஷம் வரைக்கும் நானே சொன்னேன்.

தீபாவளிக்குப் போனப்போ பாப்பாவைப் பக்கத்துல உக்கார வெச்சு தமிழ்ப் புத்தகம் படிக்கச் சொன்னேன். பொட்டி தட்டுற புத்தி, செல்லுல ஸ்டாப்வாட்ச் போட்டுட்டேன். முதல் அஞ்சு நிமிஷம் ஜோரா போச்சு. பத்தாவது நிமிஷம் கழுத்து ஒரு பக்கமா சாயுது. ஒரு வரி முடிஞ்சு அடுத்த வரி ஆரம்பத்தைப் பிடிக்கிறதுக்குள்ள வழி தப்பி, படிச்ச வரியையே திரும்பப் படிக்கிறா. இருவது நிமிஷத்துல கண்ணைக் கசக்கிட்டு "மாமா, மீதியை நீ வாசி"ன்னுட்டா. கதை நல்லா இருந்துச்சாம், அதனால தெரிஞ்சே ஆகணுமாம்!

எழுத்து தெரியுதாங்கிறது கேள்வியே இல்லைங்க. அரை மணி நேரம் கழிச்சும் தெரியுதா? பக்கத்துல உக்காந்திருக்கிற பிள்ளை ஒரு பக்கம் முடிக்கிறப்போ இவ எங்க இருக்கா? பத்தாங்கிளாஸ் சமூக அறிவியல் புத்தகத்தை இந்த வேகத்துல எத்தனை மாசத்துல படிப்பா? இதையெல்லாம் அளந்து பாத்துத்தான் எந்த எழுத்துன்னு முடிவு பண்ணணும்னு கோனிக், ஹோல்புரூக்னு ரெண்டு பேர் 1990கள்லயே ஒரு முறையே வகுத்து வெச்சிருக்காங்க. நம்ம ஊருல போர்டைக் காட்டி "இது என்ன எழுத்து?"ன்னு கேட்டு, சொல்லிட்டா பாஸ்.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. நல்ல மனசோட, பாப்பா பாடத்தையெல்லாம் ஏ3 தாள்ல பெருசா ஜெராக்ஸ் போட்டுக் குடுத்தாங்க. பாவம், அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், எல்லாரும் அப்படித்தான் நினைப்போம். ஆனா குழாய்ப் பார்வைக்காரங்களுக்கு எழுத்தைப் பெருசாக்கினா குழாய்க்குள்ள அடங்குற எழுத்தோட எண்ணிக்கை குறையும். முன்னாடி ஒரு பார்வையில ஒரு வார்த்தை சிக்கும்னா இப்ப ரெண்டு எழுத்துதான் சிக்கும். உதவின்னு நினைச்சு இன்னும் மெதுவாக்கிட்டோம். குறைபார்வைன்னா மங்கலாத் தெரியறதுன்னு மட்டும் நினைச்சுக்கிறதால வர்ற வினை. நம்ம 2016 ஊனமுற்றோர் சட்டத்துலயே குறைபார்வைக்கு ரெண்டு அளவு இருக்கு. ஒண்ணு 6/18க்கும் கீழ 3/60 வரைக்கும் கூர்மை. இன்னொண்ணு 40 டிகிரிக்கும் கீழ 10 டிகிரி வரைக்கும் பார்வை வட்டம். ரெண்டுக்கும் ஒரே மருந்து ஜெராக்ஸ் மெஷினா?

இதுக்கு மேல நம்ம தமிழ் எழுத்து வேற. "கா"வையும் "கர"வையும் எழுதிப் பாருங்க. கால் எங்க முடியுது, ரகரம் எங்க ஆரம்பிக்குது? புள்ளி கண்ணுல படலைன்னா "பட்டம்" "படடம" ஆயிடும். ஒ, ஓ வித்தியாசம் கீழ ஒரு சுழி. தமிழ் மேல எனக்கு இருக்கிற பாசம் உங்களுக்குத் தெரியும், ஆனா குறைபார்வைக்காரங்களைக் கேட்டு வடிவமைச்ச எழுத்து இல்லை இது.

இப்ப நம்ம இனத்துக்கு வருவோம். பொட்டி தட்டும் பெருமக்களே! "எல்லாத்துக்கும் ஆப் இருக்கு மச்சி, போன்ல டாக்பேக் ஆன் பண்ணு, கம்ப்யூட்டர்ல என்விடிஏ போடு, அதுவே படிச்சுக் காட்டும், இந்தக் காலத்துல எவன் பிரெயில் படிக்கிறான்?" ஆபீஸ்ல நான் பேச்செடுத்தப்போ நாலு பேர்ல மூணு பேர் சொன்னது இது. நாலாவது ஆள் போன் பேசிக்கிட்டிருந்தான்.

நானும் அந்தக் கட்சிதான் சாமி. பாப்பாவுக்கு டேப்லட் வாங்கிக் குடுத்துட்டு பிரச்சினை தீர்ந்துச்சுன்னு நிம்மதியா தூங்கினவன். 2006ல ரெண்டு ஆஸ்திரேலியப் பசங்க என்விடிஏவை ஆரம்பிச்சு இலவசமாக் குடுத்தது எவ்வளவு பெரிய காரியம்னு தெரியும். ஆனா தமிழ் படிக்கத் தெரிஞ்ச உங்களை ஒண்ணு கேக்குறேன். அரை, அறை. பனி, பணி. கலை, களை, கழை. இதுல எத்தனையை உங்க ஊர்க்காரங்க பேசறப்போ காதால பிரிச்சுச் சொல்லுவீங்க? எங்க ஊருல பாதிப்பேருக்கு ழகரமே வராது. ந, ன ரெண்டுக்கும் மெஷினும் ஒரே சத்தம்தான் போடும். காதால மட்டும் தமிழ் வாங்குற பிள்ளைக்கு எழுத்துப்பிழைங்கிறது என்னன்னே தெரியாது. கணக்குல பின்னம், வேதியியல்ல சமன்பாடு, நம்ம பிழைப்புல அடைப்புக்குறி, செமிகோலன்.. இதெல்லாம் கேட்டு வர்ற சமாச்சாரமா? கதை கேக்குறதுக்கும் படிக்கிறதுக்கும் வித்தியாசம் இல்லைன்னா நம்ம பிள்ளைங்களுக்கும் புத்தகத்தை நிறுத்திட்டு ஆடியோ போட்டு விட வேண்டியதுதானே. அதுக்கு மட்டும் யாரும் ஒத்துக்க மாட்டீங்க!

உடனே டி.வி. ராமன் பேரை எடுப்பீங்க, தெரியும். ஈமேக்ஸ்பீக் எழுதினவர், பேச்சு வழியாவே கம்ப்யூட்டரை ஆண்டவர். பார்வை போனது பதினாலு வயசுல. அதுக்கு முன்னாடியே எழுத்துன்னா என்னன்னு அவருக்குள்ள உக்காந்தாச்சு.

பரீட்சைக்கு என்ன பண்றதுன்னா, சொல்றதை எழுத ஒரு ஆளைப் போட்டு ஒரு மணி நேரம் கூடக் குடுப்பாங்க. நல்ல ஏற்பாடு, வேண்டாங்கலை. ஆனா எழுதறவருக்கு ண, ன குழப்பம்னா மார்க்கு போறது யாருக்கு?

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், இந்தச் சண்டைக்கு வயசு ஜாஸ்தி. பாரிஸ்ல வாலன்டின் ஹாவி 1785ல தொடங்கின பள்ளியில, சாதாரண எழுத்தையே மேடா அச்சடிச்சுத் தடவிப் படிக்க வெச்சாங்க. பார்வையுள்ள வாத்தியார்களுக்கு வசதி, பிள்ளைங்களுக்கு வதை. அதே பள்ளியில படிச்ச லூயி பிரெயில் 1824ல, பதினஞ்சு வயசுல, ஆறு புள்ளியைக் கொண்டு வந்தார். பிள்ளைங்க அள்ளிக்கிட்டாங்க. 1840கள்ல நிர்வாகத்துக்கு வந்த டுஃபோ அதைத் தடை பண்ணிட்டார். காரணம் என்ன தெரியுமா? பார்வையுள்ளவங்க எழுத்தும் பார்வையில்லாதவங்க எழுத்தும் வேற வேறயா இருக்கக்கூடாதாம்! பிள்ளைங்க ஒளிஞ்சு ஒளிஞ்சு புள்ளி குத்தினாங்க. தடை நிக்கலை. 1854ல பள்ளி அதிகாரபூர்வமா ஏத்துக்கிட்டப்போ பிரெயில் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. எங்க அக்கா சொல்றதும் டுஃபோ சொன்னதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்: பிள்ளை மத்த பிள்ளைங்க மாதிரி தெரியணும். (அக்கா இதைப் படிக்காதுங்கிற தைரியம்.)

எதிர்ப் பக்கமும் தப்பு நடந்திருக்கு, அதையும் சொல்லிடறேன். கண்ணைப் பயன்படுத்தினா இருக்கிற பார்வையும் தேஞ்சிடும்னு ஒரு காலத்துல நம்பினாங்க. 1908ல லண்டன்ல அதுக்குன்னே தனி வகுப்பு, பார்வையைச் 'சேமிக்கிற' வகுப்பு. கொஞ்சம் பார்வை இருந்த பிள்ளைங்களையும் கண்ணை மூடிக்கிட்டுத் தடவச் சொன்ன பள்ளிகள் இருந்துச்சு. அமெரிக்காவுல நேடலி பராகா 1964ல வெளியிட்ட ஆய்வுதான் இதை உடைச்சது. பழக்கினா குறைபார்வைப் பிள்ளைங்க இருக்கிற பார்வையை இன்னும் நல்லாப் பயன்படுத்துவாங்கன்னு காட்டினாங்க. ரொம்பச் சரி. ஆனா அதுக்கப்புறம் ஊஞ்சல் அந்தப் பக்கம் ஓவராப் போயி, துளி பார்வை இருந்தாலும் அச்சுதான்னு ஆயிடுச்சு. லென்ஸை வெச்சு முக்கி முக்கிப் படிச்ச ஒரு தலைமுறை, பெரியவங்க ஆனப்புறம் அதுவும் முடியாம, முப்பது வயசுல புள்ளி தடவ ஆரம்பிச்சது. 1997ல அங்க சட்டத்தைத் திருத்தினாங்க. பார்வைக்குறைவு உள்ள பிள்ளைக்குப் பிரெயில் சொல்லிக் குடுக்கணும்கிறதுதான் தொடக்கம். வேண்டாம்னா, இப்போதைய தேவையையும் வருங்காலத் தேவையையும் சோதிச்சுப் பாத்து, வேண்டாம்கிறதை நிரூபிக்கணும். நம்ம மொழியில சொன்னா டிஃபால்ட் வேல்யூவை மாத்திட்டாங்க. அந்த 'வருங்காலத் தேவை'தான் எனக்கு வேணும். பாப்பாவுக்கு இன்னைக்கு இருக்கிற வட்டம் இருபது வயசுல இருக்குமான்னு யாரும் எழுதிக் குடுக்க முடியாது. எட்டு வயசு விரல் புள்ளியைப் பிடிச்சுக்கிற வேகம் இருபது வயசு விரலுக்கு வராது.

எல்லாக் குறைபார்வைப் பிள்ளைக்கும் பிரெயில்னு நான் கொடி பிடிக்கலை. அல்பினிசம் மாதிரி பார்வை பெரும்பாலும் ஒரே நிலையில நிக்கிற பிள்ளைங்க நல்ல லென்ஸ், நல்ல வெளிச்சம், பக்கத்துல புத்தகம்னு அச்சுலயே ஜம்முனு போகலாம். குறையிற பார்வை, கால் மணி நேரத்துல களைச்சுப் போற கண்ணு, இவங்களுக்கு ரெண்டும் வேணும். பாப்பா கிட்டயிருந்து அச்சைப் பிடுங்கச் சொல்லலை. பஸ்சு பேரை அவ கண்ணாலயே படிக்கட்டும், பாடத்தை விரலாலயும் படிக்கட்டும்.

"ரெண்டையும் போட்டுக் குழப்பாதே, கஷ்டம்"னு ஒரு குரல் வரும். அதுக்காகவே ரெண்டு வாரமா சிலேட்டும் எழுத்தாணியும் வாங்கி வெச்சு நானே கத்துக்கிட்டேன் (ஆணி ஜாஸ்தின்னு மேல சொன்னது இந்த ஆணியையும் சேர்த்துத்தான் :-)). வலதுலேர்ந்து இடமா, கண்ணாடி பிம்பம் மாதிரி குத்தணும். தாளைத் திருப்பினா நேரா வரும். மொத்தமே ஆறு புள்ளி, 63 வடிவம். 1951ல இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவா பாரதி பிரெயில் வந்துச்சு. அதுல க, ல, ம, ப, ர, வ எல்லாம் அதே ஒலியுள்ள ஆங்கில எழுத்தோட புள்ளிகளேதான். ஒரு மொழிக்குக் கத்துக்கிட்டா அடுத்த மொழியில கால்வாசி கையில. 'அம்மா'வுக்கு அஞ்சு கட்டம்: அ, ம, ம, ஆ, நடுவுல ஒரு புள்ளிக்குறி. இன்னொரு சுவாரசியம், 'கெ'ன்னு எழுத அச்சுல கொம்பு முன்னாடி வரும், பிரெயில்ல ககரம் முதல்ல, எகரம் பின்னாடி. டிஸ்கிக்கும் யூனிகோடுக்கும் நம்ம ஆளுங்க போட்ட சண்டை ஞாபகம் இருக்கா? டிஸ்கியில கொம்பு முன்னாடி, யூனிகோடுல பின்னாடி. பிரெயில்ல அந்தப் பஞ்சாயத்து எப்பவோ முடிஞ்சுபோச்சு! ஓலைச்சுவடியில புள்ளி வெச்சா ஓலை கிழியும்னு வைக்காம விட்டாங்கன்னு சொல்லுவாங்க. இங்க எழுத்தே புள்ளிதான்.

நான் கண்ணால படிக்கிறேன், விரலால இன்னும் வரலை, ஒத்துக்கிறேன். ஆனா சொல்லிக் குடுக்க அது போதும். ஒரு மூணாம் கிளாஸ் டீச்சருக்கு ஒரு கோடை லீவு போதும். இதுக்கு எதுக்குங்க எட்டு வயசுப் பிள்ளை மலை இறங்கணும்?

பக்கத்துப் பள்ளியா சிறப்புப் பள்ளியான்னு தேர்ந்தெடுக்கிற உரிமை 2016 சட்டத்துல 31வது பிரிவுல இருக்கு. பிரெயில் தெரிஞ்ச ஆசிரியர்களைப் பயிற்சி குடுத்து நியமிக்கணும்னு 17வது பிரிவு சொல்லுது. பாப்பா பள்ளிக்கு வட்டார வள மையத்துலேர்ந்து சிறப்பாசிரியர் ஒருத்தர் வர்றாங்க. தங்கமான மனுஷி. ஆனா அவங்க தலையில எத்தனையோ பள்ளிக்கூடம், எத்தனையோ விதமான பிள்ளைங்க. மேகம் இறங்கிட்டா மெட்டுக்கு பஸ் வர்றதே பெரும்பாடு. வாரத்துக்கு ஒரு மணி நேரத்துல ஒரு பிள்ளைக்கு எழுத்து வராது. தினமும் வேணும். தேர்ந்தெடுக்கச் சொல்லிட்டு ஒரு கடையில மட்டும் சரக்கு வெச்சா அது தேர்வா? ஹாஸ்டல் இருக்கட்டும், வேணுங்கிறவங்க போகட்டும். வீட்டுல இருக்கிற பிள்ளைக்கும் சிலேட்டு, தடித்தாள், பிரெயில் பாடப்புத்தகம், தினம் அரை மணி நேரம் சொல்லிக் குடுக்க உள்ளூர்லயே ஒரு ஆள். இதைக் கேட்டா பட்ஜெட்டுல மலையா புரண்டுடும்?

அக்கா இன்னும் ஒத்துக்கலை. போன ஞாயித்துக்கிழமை போன்ல பேசறப்போ பாப்பா பிடுங்கிக்கிட்டா. புள்ளி எழுத்தைப் பத்திச் சொன்னேன், தடவிப் படிக்கிறது, லைட்டு வேணாம்னு. "கரண்டு போனாலும் படிக்கலாமா மாமா? போர்வைக்குள்ளயும்?"னு கேட்டா. பின்னாடி அக்கா குரல் ஒண்ணும் வரலை. அப்புறம், "வர்றப்போ அந்த சிலேட்டைக் கொண்டாடா, என்னதான்னு பாப்போம்"னுச்சு.

அடுத்த வாரம் சென்னையில ஒரு வேலை இருக்கு. முடிச்சுட்டு அங்கிருந்தே போடி ரயில். பன்னெண்டு வருஷத்துக்கு மேல இல்லாம இருந்து 2023 ஜூன்லதான் எங்க ஊருக்குத் திரும்ப ரயில் வந்துச்சு, அந்தக் கதையும் பாக்கி இருக்கு. சிலேட்டு ரெண்டு எடுத்து வெச்சாச்சு, ஒண்ணு பாப்பாவுக்கு, ஒண்ணு அக்காவுக்கு.

டிஸ்கி 1: நான் கண் டாக்டரும் இல்லை, சிறப்பாசிரியரும் இல்லை. தப்பு இருந்தா பின்னூட்டத்துல மண்டையில குட்டுங்க, திருத்திக்கிறேன்.

டிஸ்கி 2: யார்கிட்டயாவது சும்மா கிடக்கிற பெர்கின்ஸ் பிரெய்லர் இருந்தா தனிமடல் போடுங்க. அஞ்சு கிலோ கனக்கும், நானே வந்து தூக்கிக்கிறேன்.